பல் உடைத்த கேசட்

இது நடந்தது. திண்டுக்கல்லில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேய் என்றால் அமாவாசை, புளியமரம், மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இங்கே இருப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு கேசட், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கறிக்குழம்பு. அவ்வளவுதான். சந்தேகப்படுகிறவர்கள் பவுல்ராஜின் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அவனிடமே கேட்கலாம். வாயைத் திறந்தால் மூடாத ஆள். ஆனால் இதைப் பற்றிக் கேட்டால் மட்டும் சட்டென்று திரும்பி மெஷினை ஓடவிட்டுவிடுவான். நகல் எடுக்க உள்ளே எதுவும் வைத்திருக்க மாட்டான். வெறும் வெள்ளைத்தாள் வந்து விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். ஊரெல்லாம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்தபோது பவுல்ராஜ் பழைய கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்தான். ஆபீசுகளும் பள்ளிக்கூடங்களும் எடைக்குத் தூக்கிப் போட்டவை. பேகம்பூரில் ஜெய்தூன் பீவியின் பழைய இரும்புக்கடையில் அவன் நிரந்தர வாடிக்கை. "என்னா தம்பி, மய்யித்து ஒண்ணு வந்திருக்கு, எடுத்துட்டுப் போறியா?" என்று அந்தம்மா தெருவிலேயே வைத்துக் கூப்பிடும். பிணத்தைத்தான் அப்படிச் சொல்வது. செத்துப்போன கம்ப்யூட்டருக்கு அந்தக் கடையில் அதுதான் பெயர். பவுல்ராஜ் அதை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வருவான். பக்கத்து சீட்டுக்காரர் "டிவிங்களா?" என்று கேட்டால், "இல்லைங்க, குலதெய்வம்" என்பான்.

வீட்டின் பின்அறை முழுக்க அதுகள்தான். மனைவி சகாயராணி ஒருநாள் வாசற்படியில் நின்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"இது என்ன வீடா, ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரின்னு வச்சுக்கயேன்."

"ஆஸ்பத்திரின்னா குணமாகி ஒண்ணு ரெண்டாச்சும் வெளிய போகணும்ல? இங்க வந்தது எது வெளிய போயிருக்கு?"

பவுல்ராஜ் குனிந்து ஒரு மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

இந்தக் கிறுக்கில் அவனுக்கு ஒரே ஒரு கூட்டாளி, கண்ணுசாமி. நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்தால் நேராகப் பின்அறைக்கு வந்துவிடுவான். இரண்டு பேரும் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு புகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கள்ளநோட்டு அடிக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். கள்ளநோட்டாவது பிரயோஜனப்படும்.

அந்த வருஷம் அவர்கள் கையில் கிடைத்தது ஒரு அபூர்வமான சாமான். எண்பதுகளில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரிதான் இருக்கும். டிவியில் செருக வேண்டும். அதற்கு டிஸ்க் கிடையாது. நாம் பாட்டுக் கேட்கும் சாதாரண கேசட்தான் அதற்கு ஞாபகசக்தி. புரோகிராமைச் சத்தமாக மாற்றி டேப் ரெக்கார்டரில் பதிந்துவைக்கும். திரும்பப் போட்டால் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும். நம் காதுக்கு அது தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும். கிரீச்... கிர்ர்ர்ர்... கிரீச்.

மூன்று மாதம் பாடுபட்டு அதற்கு உயிர் வரவழைத்தார்கள். டிவித் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் விட்டுவிட்டுத் துடித்தது. பவுல்ராஜுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தன் கல்யாணத்தில்கூட அவன் அழவில்லை. சகாயராணி இதை அவனுக்குப் பல தடவை ஞாபகப்படுத்தியிருக்கிறாள்.

அடுத்த வேலை, ஏதாவது ஒன்றைப் பதிந்து பார்ப்பது. அதற்கு ஒரு கேசட் வேண்டும். சிடி வந்து கேசட்டை ஒழித்துக்கட்டியிருந்த நேரம். கடையில் கிடைக்கவில்லை. பவுல்ராஜ் பீரோவுக்கு மேலே இருந்த செருப்பு அட்டைப்பெட்டியை இறக்கினான். கிறிஸ்துமஸ் பாட்டு, ஜெபமாலை, யாரோ வீட்டுப் பிள்ளைக்குக் கோயிலில் நடந்த புதுநன்மை விழா... எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருந்தது. அடியில் ஒன்று மட்டும் பெயரில்லாமல் கிடந்தது. சீட்டு உரிந்து பசைத்தடம் மட்டும் மிச்சம்.

அந்தக் கேசட்டில் பல் உடைந்திருந்தது.

கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். பதிந்ததை யாரும் அழித்துவிடக் கூடாது என்றால் அதை ஒடித்துவிடுவார்கள். அப்புறம் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. ஆனால் அந்த ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடி அமுங்கும். பல் உடைந்த கேசட்டைப் பார்த்தால் சாதாரண மனிதர்களுக்கு 'இது யாருக்கோ வேண்டியது' என்று புரியும். பவுல்ராஜ் ரகத்து ஆட்களுக்கு 'செலோடேப் எங்கே?' என்றுதான் தோன்றும்.

ஒட்டினான்.

இரண்டே வரியில் ஒரு புரோகிராம் எழுதினான். திரை முழுக்கப் பவுல்ராஜ், பவுல்ராஜ், பவுல்ராஜ் என்று ஓடவேண்டும். வேறு என்ன எழுதுவான்? பழைய டேப்பை நம்ப முடியாது. ஒரு இடத்தில் கெட்டிருந்தாலும் இன்னொரு இடத்தில் பிழைக்கட்டும் என்று ஒன்றையே திரும்பத் திரும்பப் பதிவது இவர்கள் வழக்கம். அந்தப் பக்கம் தீரும்வரை பதிந்தான். திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் பதிந்தான்.

மறுவாரம் கொடைரோட்டிலிருந்து மாமியார் செபாஸ்தியம்மாள் போன் பண்ணியது. சர்க்கரையால் அதற்கு இரண்டு கண்ணும் போய் ஒரு மாதமாகியிருந்தது.

சகாயராணி போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு ஜெரோம் குரலக் கேக்கணுமாம்."

ஜெரோம் அவளுடைய தம்பி. எண்பத்தாறில், ஐந்து வயதில், காய்ச்சலில் போய்விட்டான். அதற்குக் கொஞ்சநாள் முன்னால் சவுதியிலிருந்து வந்த சித்தப்பா புது டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்து அவனை ஏபிசிடி சொல்லச்சொல்லிப் பதிந்திருக்கிறார். ஓ, பி சொன்னதும் நேரே ஆருக்குப் போய்விடுவானாம். கியூ என்று ஒரு எழுத்து இருப்பதையே அவன் ஒப்புக்கொண்டதில்லை. கடைசியில் "போதுமா?" என்று சிரிப்பானாம். சகாயராணி கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சிரித்து, சொல்லி அழுதிருக்கிறாள்.

"பத்தொம்பது வருசமா அம்மா அந்தக் கேசட்டத் தொட்டதில்லங்க. போட்டோவப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் அதுவும் தெரியலையே... குரலாச்சும் கேட்டுக்கிறேங்குது. ஞாயித்துக்கெழம வருது." அவள் எழுந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள். கிளறினாள். "என்னங்க, இதுல பல்லு ஒடச்ச கேசட்டு ஒண்ணு கெடக்குமே? அழிஞ்சிறக்கூடாதுன்னு அம்மா தன் கையால ஒடச்சது. கல்யாணத்தப்ப நாந்தான் எடுத்துட்டு வந்தேன்."

பவுல்ராஜ் கையில் அப்போது சூட்டுக்கோல் இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அது... பூஞ்ச புடிச்சிருந்துச்சு. தொடச்சு வச்சிருக்கேன்."

"நல்லவேள," என்றாள் சகாயராணி. "உங்க கிறுக்குக்கும் ஒரு உபயோகம் இருக்கு."

அவள் அவனைப் பாராட்டியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கண்ணுசாமி வந்தான். இரண்டு பக்கத்தையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். கிரீச்... கிர்ர்ர்... ஒரு குழந்தையின் மூச்சுக்கூட மிச்சமில்லை.

"எதுக்கும் மெஷின்ல ஏத்திப் பாப்போம்டா," என்றான் கண்ணுசாமி. "எந்தக் காப்பி ஏறாமத் தகராறு பண்ணுதோ, அந்த எடத்துல பழைய சத்தம் சரியா அழியலன்னு அர்த்தம். அங்க தேடலாம்."

புத்திசாலித்தனமான யோசனைதான். ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். எல்லாம் ஒழுங்காக ஏறின. பவுல்ராஜ், பவுல்ராஜ், பவுல்ராஜ். தன் பெயரை அவன் அன்றைக்கு வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

கடைசிக்கு முந்தின பிரதி.

ஏறியது. ஓடவிட்டான். திரை காலியாகவே இருந்தது. பிறகு இடது மூலையில் ஓர் எழுத்து வந்தது.

ஏ.

செத்த நேரம் கழித்து, பி.

அந்த மெஷின் அப்படி மெதுவாக எழுதாது. கண் சிமிட்டுவதற்குள் திரையை நிரப்பிவிடும். இதுவோ ஒவ்வொன்றாக... யோசித்து யோசித்து... ஒரு குழந்தை ஒப்பிக்கிற வேகத்தில் எழுதியது. சி. டி. ஈ.

ஓவுக்கு அப்புறம் பி வந்தது. நின்றது. கட்டம் துடித்தது.

அப்புறம் ஆர்.

"கியூ எங்கடா?" என்றான் கண்ணுசாமி. ஜெரோம் கியூவை விட்டுவிடுவான் என்பது அவனுக்குத் தெரியாது.

பவுல்ராஜ் ஓட்டத்தை நிறுத்தினான். புரோகிராமைத் திரையில் வரவழைத்துப் பார்த்தான். அதே இரண்டு வரி. அவன் எழுதியதுதான். அதில் பவுல்ராஜ் என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது.

"டேப்பு பழசு. எங்கயாச்சும் எழுத்து மாறி விழுந்திருக்கும்," என்றான் கண்ணுசாமி.

"மாறி விழுந்தா வரிசையாவாடா விழும்?"

கண்ணுசாமி எழுந்து பிளக்கைப் பிடுங்கினான்.

இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். சகாயராணியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு நாள் சோறு கிடைத்திருக்காது, அவ்வளவுதான். ஆனால் பவுல்ராஜால் ஒரு கிழவியின் ஆசையில் மண் போட்டதை வாயால் சொல்ல முடியவில்லை. இளகின மனசு. இளகின மனசுக்காரர்கள் பண்ணுகிற கொடுமை கொஞ்சமா நஞ்சமா?

யோசனை சொன்னது கண்ணுசாமிதான். அவனுக்கு ஒரே மகள், அறிவுச்செல்வி. ஆறு வயசு. அந்தப் பெண் இருக்கிற வீட்டுக்கு ரேடியோ தேவையில்லை. தூக்கத்திலும் பேசுவாள்.

"அவளச் சொல்லச் சொல்லிப் பதிஞ்சிருவோம். புள்ளைங்க குரலு எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கும். மோட்டார் ஸ்க்ரூவ லேசாத் திருப்புனா பையன் குரலாயிரும்."

"பாவம்டா. சகாயராணி கண்டுபுடிச்சிருவா."

"தங்கச்சி அழுகும். அழுகுறப்ப காது கேக்காது."

சனிக்கிழமை மத்தியானம் அறிவுச்செல்வி தேன்மிட்டாயோடு பின்அறைக்கு வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். அதே கேசட். சகாயராணிக்கு அடையாளம் தெரியுமே. பவுல்ராஜ் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான்.

"கியூ மட்டும் சொல்லக் கூடாது, கண்ணு."

"ஏன் மாமா?"

"அந்தத் தம்பிக்குப் புடிக்காது."

"எந்தத் தம்பி?"

"சும்மா ஒரு தம்பி. எங்க, ஆரம்பி." ரெக்கார்டு பட்டனை அமுக்கினான்.

அவள் சொன்னாள். ஒரு தடவை கியூ சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லு கண்ணு," என்று பவுல்ராஜ் டேப்பைப் பின்னால் ஓட்டினான். அடுத்த தடவை சரியாக வந்தது. "போதுமா?" என்று சிரித்தும் விட்டாள். இயர்போனில் மட்டும் அவள் குரலுக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு குரல் மெலிதாக ஒட்டிக்கொண்டு வந்தது. எதிரொலி என்று பவுல்ராஜ் நினைத்துக்கொண்டான். பழைய மெஷின்களில் அதெல்லாம் உண்டு.

அறிவுச்செல்வி ஸ்டூலை விட்டு இறங்கினாள்.

"மாமா, தொண்ட கரகரங்குது."

"மிட்டாய் தின்னா அப்படித்தான்."

போட்டுப் பார்த்தார்கள். அச்சு அசல் ஒரு பையன். கண்ணுசாமி தொடையில் தட்டிச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சகாயராணி அம்மாவைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். செபாஸ்தியம்மாள் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, தலையை வழித்து வாரியிருந்தது. கோயிலுக்கு வருகிற மாதிரி வந்திருந்தது.

"மாப்ள, நல்லா இருக்கியளா?"

"இருக்கேன் அத்தை. சாப்பிட்டுக் கேக்கலாமே."

"இல்ல மாப்ள. கேட்டுட்டு உங்குறேன்."

நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. வெயில் உள்ளே கட்டம் போட்டிருந்தது. ஃபேன் ஓடியது. அடுப்பில் குழம்பு கொதித்தது. மணி பன்னிரண்டே முக்கால்.

பவுல்ராஜ் பிளே பட்டனை அமுக்கினான்.

உஸ்ஸ்ஸ்...

"ஏ..."

சகாயராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பவுல்ராஜ் டேப் ரெக்கார்டரையே பார்த்தான். நேற்று அதை அவன் எத்தனையோ தடவை கேட்டிருந்தான். ஒவ்வோர் எழுத்தும் எப்படி விழும் என்று அவனுக்கு மனப்பாடம்.

இது அறிவுச்செல்வி இல்லை.

"பி... சி... டி..."

நாக்குத் தடித்த குரல். முன்பல் விழுந்த குழந்தையின் குரல். அறிவுச்செல்விக்குப் பல் எல்லாம் இருந்தது.

"எம்புள்ள," என்றது செபாஸ்தியம்மாள். சந்தேகமே இல்லாமல். "எம்புள்ளதான்."

கியூ வரவில்லை. இசட் வந்தது. இப்போது சிரிக்க வேண்டும். போதுமா என்று கேட்க வேண்டும்.

சிரிக்கவில்லை.

டொக்.

டொக். டொக்.

கட்டையில் சின்னக் கை தட்டுகிற சத்தம்.

"அம்மா..."

கிழவியின் கை நாற்காலியை இறுக்கியது.

"அம்மா... கதவத் தொறம்மா..."

சகாயராணி கணவனைப் பார்த்தாள். அவனால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா... தண்ணிம்மா..."

கரண்ட் போனது.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. பிரிட்ஜ் அடங்கியது. தெருவில் எங்கோ ஓடிய டிவி அடங்கியது.

குரல் அடங்கவில்லை.

இன்னும் தெளிவாகக் கேட்டது.

"பூட்டிட்டுப் போகாதம்மா... நான் வெளிய ஓட மாட்டேன்மா..."

பவுல்ராஜ் பாய்ந்து ஸ்டாப்பை அமுக்கினான். பிளே பட்டன் மேலே வந்தது. மூடியைத் திறந்தான். கேசட்டைப் பிடுங்கினான். கையில் வைத்திருந்தான்.

டொக். டொக்.

"அம்மா..."

செபாஸ்தியம்மாள் எழுந்தது.

"இருடா சாமி... இந்தா வாரேன்..."

அந்த வீட்டில் அதற்குச் சுவர் எங்கே, கதவு எங்கே என்று தெரியாது. கட்டிலில் இடிக்கவில்லை. ஸ்டூலில் இடிக்கவில்லை. நேராக வாசலுக்குப் போனது.

கதவு திறந்துதான் இருந்தது.

திறந்திருந்த வாசலில், வெயிலில் நின்றுகொண்டு... வெறும் காற்றில்... கையால் தடவித் தடவி ஒரு பூட்டைத் தேடியது.

"வாரேன்டா... சாவி... சாவி..."

இடுப்பில் துழாவியது. இல்லாத சாவியை எடுத்தது. காற்றில் செருகியது.

திருகியது.

தட்டுகிற சத்தம் நின்றது.

செபாஸ்தியம்மாள் குனிந்து தரையில் கையை வைத்துப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்து, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னது.

"காய்ச்சலு. வெளிய ஓடிறக்கூடாதுன்னு பூட்டிட்டுத் தெராச்சத் தோட்டத்துக்குப் போனேன். கூலிக்குப் போகாட்டி அன்னிக்குக் கஞ்சி இல்ல. சாயங்காலம் வந்து தொறந்தா, கதவுகிட்டயே படுத்திருந்தான்."

சகாயராணிக்கே அது தெரியாது. யாருக்குமே தெரியாது.

குழம்பு தீய்ந்த வாசம் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணுசாமி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சிரிக்கத் தயாராக வந்தவன் போல் இல்லை.

"டேய் பவுலு. மத்தியானம் அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தா. தட்டுல சோத்தப் போட்டு, வெஞ்சனம் வேணுமான்னு கேக்குறா அவ அம்மா. 'வே'ன்னா. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் வாயத் தொறக்குறா, சத்தம் வரல."

"எப்ப?"

"ஒரு மணி இருக்கும். ஏன்?"

பவுல்ராஜ் குழந்தையின் தலையில் கை வைத்தான். அறிவுச்செல்வி அவனைப் பார்த்தாள். உதடு 'மாமா' என்று அசைந்தது.

மதுரையில் பார்த்தார்கள். தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். பயந்திருக்கிறாள், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை.

கேசட்டை மறுபடி போட்டுப் பார்த்தபோது அதில் கிரீச் சத்தம் மட்டும்தான் இருந்தது. மெஷினில் ஏற்றினால் இரண்டு வரி. பவுல்ராஜ், பவுல்ராஜ், பவுல்ராஜ். முதல் பிரதி முதல் கடைசிப் பிரதி வரை ஒழுங்காக ஏறியது. ஜெரோமும் இல்லை. அறிவுச்செல்வியும் இல்லை.

செபாஸ்தியம்மாள் ஊருக்குப் போய் ஆறு மாதம் இருந்தது. பகலில் வீட்டுக் கதவைச் சாத்தவிடவில்லையாம். மழைக்குக்கூட. பிறகு ஒருநாள் போய்ச் சேர்ந்தது.

காரியமெல்லாம் முடிந்து சகாயராணியும் பவுல்ராஜும் கொடைரோட்டு வீட்டைக் காலி பண்ணினார்கள். டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தாள்.

ஒரு கேசட். பல் உடைத்தது. சீட்டு உரியவில்லை. நீல மையில், சித்தப்பாவின் கையெழுத்தில், ஜெரோம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு என்று எழுதியிருந்தது.

"இதுதாங்க," என்றாள் சகாயராணி. மையைத் தடவிப் பார்த்தாள். "எப்ப எடுத்துட்டு வந்து வச்சதுன்னு தெரியலயே. அம்மாவே மறந்திருச்சு போல. அப்ப... நம்ம வீட்டுல இருந்தது எது?"

சகாயராணி அதை மறுபடி துணியில் முடிந்துகொண்டாள்.

திண்டுக்கல்லுக்கு வந்ததும் போட்டார்கள். பகல்தான். பதினோரு மணி. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள்.

உஸ்ஸ்ஸ்...

"ஏன் மாமா?"

பவுல்ராஜ் டேப் ரெக்கார்டர் பக்கம் குனிந்தான்.

"எந்தத் தம்பி?"

பட்டனை அமுக்குவதற்கு முன்னால் பேசிய பேச்சு அது. அது எந்தக் கேசட்டிலும் பதிவாகவே இல்லை. அப்புறம் அறிவுச்செல்வி கணீரென்று சொன்னாள். ஏ, பி, சி, டி... கியூ சொன்னாள். நாக்கைக் கடித்தாள்.

அடுத்து ஓர் ஆண் குரல்.

"இன்னொரு தடவ சொல்லு கண்ணு."

பவுல்ராஜின் குரல். எண்பத்தாறில் அவன் கரூரில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். சகாயராணி என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. அறிவுச்செல்வி பிறக்க இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தது.

சகாயராணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தப் பின்அறைப் பக்கம் அவள் அதற்கப்புறம் வந்ததே இல்லை.

கேசட்டை வைத்துக்கொள்ளவும் பயம், எரிக்கவும் மனசில்லை. அது கண்ணுசாமி மகளுடைய குரல். உலகத்தில் அவள் குரல் இருக்கிற ஒரே இடம். பவுல்ராஜ் அதைக் கொண்டுபோய் அவனிடமே கொடுத்தான். கண்ணுசாமி கேட்டான். பயப்படவில்லை. எப்படி வந்தது என்றுகூடக் கேட்கவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் தாடையில் வழிய, முடிந்ததும் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான்.

இரண்டாவது தடவை இசட் வரவில்லை. ஒய்யோடு நின்றுவிட்டது.

மூன்றாவது தடவை எக்ஸ்.

ஒரு தடவை போட்டால் கடைசியில் ஓர் எழுத்து போய்விடுகிறது. போன இடத்தில் இரைச்சல்கூட இருப்பதில்லை. கண்ணுசாமிக்கு அது புரிந்து நிறுத்துவதற்குள் பாதிக்கு மேல் போயிருந்தது. கே வரைதான் மிச்சம். சிடியில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார்கள். ஏற்றினால் சிடியில் ஒன்றும் விழவில்லை. அதற்கும் ஓர் எழுத்து போனது. இனிமேல் போடுவதே இல்லை என்று ஒரு டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை இரும்புப் பீரோவில் வைத்து, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

போன கிறிஸ்துமஸுக்குப் பவுல்ராஜ் பலகாரம் கொடுக்கப் போயிருந்தான். அறிவுச்செல்வி வளர்ந்துவிட்டாள். தட்டை வாங்கிக்கொண்டு சிரித்தாள். கண்ணுசாமி அவனைத் தனியாக உள்ளே கூட்டிப்போய்ப் பீரோவைத் திறந்தான்.

"ஒரே ஒரு தடவ கேட்டுக்கிறேன்டா. ஜெ போனாப் போகட்டும். ஐ வரைக்கும் இருக்கும்ல."

போட்டான்.

"ஏ," என்றாள் அறிவுச்செல்வி. "பி."

அவ்வளவுதான்.

கண்ணுசாமி பவுல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தோணியார் மேல சத்தியமாச் சொல்றேன் பவுலு... இத்தன வருசமா நான் போடல."